பேரேட்டிலிருந்து கணினிக்கு

இந்தியப் பொதுத்துறை வங்கிகளில் கணினி நுழைந்த வேகத்தைத் தீர்மானித்தது தொழில்நுட்பம் அல்ல. ஊழியர் சங்கங்களோடு ஏற்பட்ட உடன்பாடுகள்தான். 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணினி நிறுவ முயன்றபோது, வேலை பறிபோகும் என்று ஊழியர்கள் கடுமையாகப் போராடினர். அந்த அச்சம் வங்கிகளிலும் நெடுநாள் நீடித்தது. அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

அன்றைய கிளையில் காசோலை கொடுத்தவருக்குப் பித்தளை டோக்கன் தருவார்கள். எழுத்தர் கனத்த பேரேட்டைப் புரட்டி, இருப்பைப் பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டு அனுமதிப்பார். அதன் பிறகே காசாளர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். இவ்வளவு கைகளின் வேலையைத்தான் இயந்திரம் கேட்டது.

1983-இல் இந்திய வங்கிகள் சங்கம் ஊழியர் சங்கங்களோடு இயந்திரமயமாக்கல் ஒப்பந்தம் செய்துகொண்டது. வங்கி இயந்திரமயமாக்கல் குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த சி. ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை தந்தது. கிளைகளுக்குப் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் வந்தன. அவற்றை இயக்கிய எழுத்தர்களுக்குச் சிறப்புப் படி கிடைத்தது. பேரேடு அறிந்தவரையே இயந்திரத்தின் முன் உட்காரவைத்தது நல்ல முடிவு.

1987, 1993 ஒப்பந்தங்கள் வாசலை மேலும் அகலமாக்கின. 1998-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல், 2001 தொடக்கத்துக்குள் வங்கி வணிகத்தில் 70 விழுக்காட்டைக் கணினிமயமாக்க உத்தரவிட்டார். அதே காலத்தில், பொதுத்துறை வங்கிகளின் 2000–01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஊழியர்கள் வெளியேறினர்.