மதுரவாயலில் ஜானகி அம்மாள்

சென்னையின் மேற்குப் புறநகரைப் பற்றிய எழுத்துகளில் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பெறும் இடத்தை, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையம் நடத்திவந்த கள ஆய்வகம் பெற்றதில்லை. தாவரச் செல்லியல் அறிஞர் இ. கே. ஜானகி அம்மாள் தம் இறுதிக் காலத்தை அங்கேதான் கழித்தார்.

1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்ற அவர், கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளம் உள்ளிட்ட பிற புல்வகைகளோடு கலப்பினம் செய்து ஆராய்ந்தார். குரோமோசோம் என்பது உயிரணுவின் உட்கருவில் மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் இழை. அதன் எண்ணிக்கையைப் பயிர்தோறும் கணக்கிட்டு, பின்னர் இங்கிலாந்தில் செல்லியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் உருவாக்கிய பெருந்தொகுப்பு 1945இல் வெளிவந்தது. நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

1970 நவம்பரில், 73ஆம் வயதில், தகைசால் அறிவியலாளராக, அதாவது பணி ஓய்வுக்குப் பின்னும் ஆய்வைத் தொடரும் மதிப்புறு நிலையில், அவர் சென்னைக்கு வந்தார். மருந்துச் செடிகளும், மக்கட்குழுக்கள் தம்மைச் சூழ்ந்த தாவரங்களை உணவாகவும் மருந்தாகவும் கையாளும் முறையை ஆராயும் இனத் தாவரவியலும் அப்போது அவர் கருத்தை ஈர்த்திருந்தன. ஆய்வுக்கு வெளியே அவருக்கு இருந்த பெரும் ஈடுபாடு பூனை வளர்ப்பு. பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் குட்டிகளிடையே நுண்ணிய வேறுபாடுகளை அவர் பிரித்தறிந்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். பூனையின் செம்மஞ்சள் நிறம் பால் குரோமோசோமைச் சார்ந்து அமைவதால், கருப்பும் செம்மஞ்சளும் கலந்த பூனைகள் ஏறத்தாழ எல்லாமே பெண்ணாகவே இருக்கின்றன. இதை அறிந்தவர்களுக்கு, குரோமோசோம்களை எண்ணியே வாழ்ந்த ஒருவர் பூனைக்குட்டிகளை உற்றுநோக்கியிருந்ததில் வியப்பு தோன்றாது. பல்கலைக்கழக ஆய்வாளர் என்று ஒரு வரியிலும், பூனை வளர்ப்பில் விருப்பமுடையவர் என்று மற்றொரு வரியிலும் அவரை அறிமுகப்படுத்துவது பொருந்தாது. இரண்டிலும் உழைத்தது ஒரே கண்தான்.

தம்மைப் பற்றிப் பேசுவதை அவர் விரும்பியதில்லை. தாம் செய்த பணியே நிலைக்கும் என்று கருதினார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோதும் அவர் மதுரவாயலில்தான் ஆய்வைத் தொடர்ந்துகொண்டிருந்தார்; 1984 பிப்ரவரியில் 86ஆம் வயதில் மறைந்தார். மேற்குப் புறநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்தக் கள ஆய்வகத்துக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.