தொட்டுப் பிடிக்கும் ஆட்டம்: ரெட்ஃபெர்ன் ஆல் பிளாக்ஸ் சங்கத்தின் வரலாறு



70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வாசலூர்பட்டிக்கு வந்து, ஆஸ்திரேலியாவின் ஒரு ரக்பி சங்கத்தைப் பற்றியா பேசப்போகிறோம் என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் ஊருக்கு ஊர் அம்பேத்கர் பெயரில் கபடிக் குழு வைத்திருப்பவர்கள் நாம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவன் ஒருவனைக் கீழே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவனுடைய அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். விளையாட்டைச் சின்ன விஷயமென்று நாம்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம். சாதி ஒருபோதும் அப்படி நினைத்ததில்லை.

ரக்பி நம் பக்கம் அதிகம் பழகாத ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். எதிரணியினர் இடுப்பிலோ காலிலோ கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள். பந்தைக் கையால் பின்னோக்கி மட்டுமே வீசலாம். கபடியில் பாடிப் போகிறவனை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். இரண்டிலும் எதிராளியின் உடம்பைத் தொடாமல் ஆட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

ரக்பியில் இரண்டு வகை உண்டு: யூனியன், லீக். இரண்டாகப் பிரிந்தது விதிமுறைச் சண்டையால் அல்ல, கூலியால். இங்கிலாந்தின் வசதியான பள்ளிகளிலிருந்து வந்த இந்த ஆட்டத்தை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தமதாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலைநாள்தான். வெளியூருக்கு ஆடப் போனால் கூலி போகும். போன கூலியை மட்டும் ஈடுகட்டுங்கள் என்று வடக்குச் சங்கங்கள் கேட்டன. 1893இல் நடந்த பொதுக்கூட்டத்தில் 282க்கு 136 என்ற வாக்குகளில் அந்தக் கோரிக்கை தோற்றது. காசு வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை கெடுமாம். தூய்மை என்ற சொல்லை எங்கே கேட்டாலும் யாரையோ வெளியே நிறுத்தப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். நிலமும் வாடகையும் சோறு போடுகிறவனால்தான் காசு வாங்காமல் ஆட முடியும்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட வடக்குச் சங்கங்கள் பிரிந்து தனி அமைப்பு கண்டன. வேலை இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் ஈடு என்று முடிவு செய்தன. பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது இதுதான். 1906இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆக்கினார்கள். இது ஆஸ்திரேலியாவுக்குப் போன கதையும் கூலிக் கதையே. 1907இல் சிட்னியில் அலெக்ஸ் பர்டன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். யூனியன் நிர்வாகம் ஒரு காசு தரவில்லை. அந்தக் கோபம் புதிய லீக்காகத் திரண்டது. கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி: அதைத் தொடங்கியவர்களில் விக்டர் ட்ரம்பரும் ஒருவர். 1908 ஜனவரி 17 அன்று ரெட்ஃபெர்ன் நகர மண்டபத்தில் சவுத் சிட்னி சங்கம் பிறந்தது.

ரெட்ஃபெர்ன் சிட்னியின் மையத்துக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் பகுதி. பக்கத்தில் ஈவ்லி ரயில்வே பட்டறை. சென்னைக்காரர்கள் பெரம்பூரை நினைத்துக்கொள்ளலாம். பட்டறையையும் சுற்றியிருந்த தொழிற்சாலைகளையும் நம்பி 1920கள், 30களிலிருந்து பூர்வகுடி மக்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். பிழைப்புக்காக மட்டும் வரவில்லை, தப்பித்தும் வந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடிகள் 'பாதுகாப்பு வாரியம்' ஒன்றின் பிடியில் இருந்தார்கள். யார் எங்கே குடியிருப்பது என்பதிலிருந்து யாருடைய பிள்ளை யாரிடம் வளர்வது என்பதுவரை வாரியம் முடிவு செய்தது. பெற்றோரிடமிருந்து பறித்த ஆண் பிள்ளைகளை வைத்திருந்த இடங்களில் ஒன்று, கெம்ப்சி ஊருக்கு அருகே 1924 முதல் 1970 வரை நடந்த கிஞ்செலா விடுதி. அங்கே பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். 1940இல் வாரியத்தின் பெயர் 'நல வாரியம்' என்று மாறியது. பெயர் மாற்றத்தில் அரசுகளுக்கு உள்ள திறமை நமக்குப் புதிதல்ல.

ஆட்டத்தில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்தப் பிடி விடவில்லை. குவீன்ஸ்லாந்தின் செர்பர்க் குடியிருப்பைச் சேர்ந்த ஃபிராங்க் ஃபிஷர், 1930களில் சுற்றுப்பயணம் வந்த பிரிட்டிஷ் அணிக்கு எதிராக ஆடி அவர்களையே வியக்க வைத்தவர். ஓட்டப்பந்தய வீராங்கனை கேத்தி ஃப்ரீமனின் தாத்தா. இங்கிலாந்தில் வந்து ஆட அவருக்கு அழைப்பு வந்தது. அரசு அனுப்ப மறுத்துவிட்டது. கூலிக்கு ஈடு தருவதற்காகவே பிறந்த ஆட்டத்திலும், ஊரைவிட்டு வெளியேற அனுமதிச் சீட்டு கேட்க வேண்டிய ஒரு வீரர் இருந்தார். வர்க்கம் பேசுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இந்தச் சூழலில்தான் ரெட்ஃபெர்ன் ஆல் பிளாக்ஸ் சங்கம் எழுந்தது. 1944ஐத் தம் தொடக்க ஆண்டாகக் கொள்கிறார்கள். பூர்வகுடிகளின் ரக்பி லீக் சங்கங்களில் மிகப் பழையது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். ஆல் பிளாக்ஸ் என்றதும் நியூசிலாந்து தேசிய அணி நினைவுக்கு வரும். அங்கே அது சட்டையின் நிறம். ரெட்ஃபெர்னில் அது தோலின் நிறம். கெம்ப்சியிலும் வேறு ஊர்களிலும் பூர்வகுடி அணிகள் இதே பெயரை வைத்துக்கொண்டன. வசைச் சொல்லை எடுத்துச் சட்டையில் போட்டுக்கொள்வதை நாம் 'தலித்' என்ற சொல்லின் வரலாற்றிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஒரு சங்கம் நடத்த என்ன வேண்டும்? பெயர் வேண்டும், சட்டை வேண்டும், சந்தா வாங்க வேண்டும், வரவு செலவு எழுத வேண்டும், செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மைதானத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். மன்றம் நடத்துகிற உங்களுக்கு இது அலுப்பான வேலை. தன் வாழ்க்கையின் எல்லா முடிவுகளையும் இன்னொருவர் எடுத்துக்கொண்டிருந்த மக்களுக்கு இந்த அலுப்பான வேலை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் தாங்களே கூடித் தாங்களே முடிவெடுத்த இடங்கள் அவர்களுக்கு வெகு சில. அவற்றில் ஒன்று இந்தச் சங்கம்.

அன்று அரசின் கொள்கை 'கரைத்துக்கொள்ளுதல்'. பூர்வகுடிகள் வெள்ளையர் சமூகத்தில் கலந்து, தனி அடையாளம் இல்லாமல் போய்விட வேண்டும். அந்தக் கண்ணில் தனிச் சங்கம் என்பதே பிரிவினை. நம்மிடமும் கேட்கிறார்கள்: அணிக்கு எதற்கு அம்பேத்கர் பெயர், பொதுப்பெயர் வைக்கக்கூடாதா? கேட்கிறவர் அணியில் நமக்கு இடம் இருக்காது, அவர் ஊர்த் திருவிழாப் போட்டியில் நம் அணிக்கு அழைப்பும் வராது. ரெட்ஃபெர்ன் ஆல் பிளாக்ஸ் தனியாக ஒதுங்கி ஆடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சவுத் சிட்னி வட்டார லீக்கில், வெள்ளையர் அணிகளோடுதான் மோதினார்கள். தெருவில் விலகிப் போகிறவன் மைதானத்தில் கட்டிப் பிடித்தே ஆக வேண்டும். தங்கள் பெயரோடு, தங்கள் சட்டையோடு போய் அந்தத் தொடுதலைக் கட்டாயமாக்கினார்கள். கபடியில் தோற்றவனுக்கு வெட்டும் வெறி ஏன் வருகிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறோம்.

தண்ணீரிலும் இதே கதை. மோரி என்ற ஊரின் நகராட்சி, பூர்வகுடிகள் நீச்சல் குளத்தில் இறங்கக்கூடாது என்று 1955இல் விதி போட்டது. 1965 பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் போய் அந்தக் குளத்து வாசலில் போராடினார்கள். முன்னே நின்ற சார்லஸ் பெர்கின்ஸ் ஒரு பூர்வகுடி, நல்ல கால்பந்து வீரர். குரோவாசியர், கிரேக்கர் என்று வந்தேறிகள் நடத்திய சங்கங்களில் ஆடியவர். 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் நீர் அள்ளியவர்களின் வாரிசுகளுக்கு மோரியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1960களின் கடைசியில் ரெட்ஃபெர்னில் பூர்வகுடிகள் இரவில் தெருவில் நின்றாலே போலீஸ் வண்டியில் அள்ளிப் போட்டார்கள். அதற்கு எதிராக 1970இல் பூர்வகுடிச் சட்ட உதவி மையம் வந்தது. பால் கோ, கேரி ஃபோலி, கேரி வில்லியம்ஸ் ஆகிய இளைஞர்கள் அதற்கு முன்னின்றார்கள். 1971இல் மருத்துவ மையம். அதே தெருக்களில், அதே ஆண்டுகளில் கூரி யுனைடெட் என்ற குழு ஒரு ரக்பி லீக் போட்டியைத் திட்டமிட்டது. நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த திறமையான பையன்களைப் பெரிய சங்கங்களின் தேர்வாளர்கள் கண்டுகொள்ளவில்லை. நம் பையன்களுக்கு நாமே களம் அமைப்போம் என்றார்கள். 1971 அக்டோபரில் சிட்னியின் செயின்ட் பீட்டர்ஸில், கேம்டன்வில் மைதானத்தில் முதல் கூரி நாக்அவுட் நடந்தது.   கிஞ்செலா விடுதி மூடி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

கோப்பையை வென்ற அணியே அடுத்த போட்டியைத் தன் மண்ணில் நடத்த வேண்டும் என்பது நாக்அவுட்டின் வழக்கம். இதனால் போட்டி ஊர் ஊராக நடந்துபோனது. வாரியம் சிதறடித்த குடும்பங்கள் மைதான ஓரத்தில் ஒன்றையொன்று கண்டுபிடித்தன. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து உறவு சொல்லிக்கொண்டார்கள். இப்போட்டியை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹெய்டி நார்மன் இதை இக்காலத்துக் கொரோபொரி, அதாவது பூர்வகுடிகள் கூடி ஆடிப்பாடும் சடங்கு என்கிறார். இன்று பெண்கள், சிறுவர் அணிகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் வருகின்றன. ரெட்ஃபெர்ன் ஆல் பிளாக்ஸ் பலமுறை வென்றிருக்கிறது. போட்டி நடப்பது அக்டோபர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையில். அந்த மாநிலத்தில் அது எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின் நினைவுநாள். 1895இல் கேட்ட அந்த ஒரு நாள் இங்கே விடுமுறையாகக் கிடைத்திருக்கிறது. இந்தியாவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946இல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம் வார வேலைநேரத்தை 48 மணியாகக் குறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆடுவதற்கு முதலில் வேண்டியது நேரம்.

1972 ஜனவரி 26 அன்று கான்பெராவில் நாடாளுமன்றத்தின் முன் பூர்வகுடிகள் கூடாரத் தூதரகம் அமைத்தார்கள். அதே ஆண்டில் அங்கே பிளாக் பாந்தர் கட்சி, பம்பாயில் தலித் பாந்தர். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரே பொறி, இரண்டு கண்டங்களில்.

நம் வரலாற்றோடு ஒப்பிட ஒருவர் இருக்கிறார்: பல்வங்கர் பாலு. புனேயில் வெள்ளையர் சங்க மைதானத்தில் வேலை செய்து, அவர்களுக்குப் பந்து வீசிப் பழகி, இந்து அணிக்குள் போனவர். ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே கோப்பையில் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண்குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள். அவருக்கு இந்து அணியின் தலைமை கிடைக்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. ஏறக்குறைய 2,000 வாக்குகளில் அம்பேத்கர் வென்றார். பாலுவின் மேதைமையைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். இளம் அம்பேத்கரே அவரைக் கொண்டாடியவர். ஆனால் பாலு தனியாளாக அவர்கள் சங்கத்துக்குள் போனார், போன பிறகு அந்தச் சங்கம் அவரைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. ரெட்ஃபெர்ன்காரர்களின் கணக்குப் புத்தகம் அவர்களிடமே இருந்தது. அந்தப் புத்தகம் இருந்ததால்தான், அவர்களுடைய பேத்தி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து அந்த வரலாற்றை எழுத முடிகிறது.

நம் சேரிகளிலும் காலனிகளிலும், இந்த மலையில் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்களிலும் இருக்கும் கபடி, கைப்பந்து, கால்பந்துக் குழுக்களுக்கு எழுதிய வரலாறு எத்தனை? சமூகவியல் ஆய்வேடுகளில் நாம் வன்கொடுமைகளைப் பட்டியலிடுகிறோம், அது வேண்டும். அதே தெருவில் மாலையில் கோடு போட்டு ஆடியவர்கள் அந்த ஏடுகளில் இல்லை. எந்த ஊர் அழைத்தது, எந்த ஊர் மறுத்தது, யார் சைக்கிளை அடகு வைத்துச் சட்டை வாங்கினார், எந்தக் கோப்பை சண்டையில் நசுங்கியது என்பதெல்லாம் வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

ஆகையால் ஒரு வேலை சொல்கிறோம். மாணவர்கள் இந்த விடுமுறையில் தத்தம் ஊர்க் குழுவின் பழைய துண்டறிக்கை, நன்கொடை ரசீதுப் புத்தகம், அணிப் புகைப்படம் எது கிடைத்தாலும் படமெடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், எந்தத் தேர்தலுக்கு முன், எந்த மழைக்குப் பின் என்று கேளுங்கள். பெண்கள் ஆடினார்களா, ஆடவிடாமல் யார் நிறுத்தினார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். எழுதியதை மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்த்து அச்சிடுவோம்.