ஜப்பானிய சூப்பும் கட்லெட்டும்: ஹலாலாக வீட்டிலேயே சமைக்கலாம்

ஜப்பானிய கார்ட்டூன்களையும் சமையல் வீடியோக்களையும் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் மீசோ சூப், ராமென், கட்ஸு என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விசாரிக்காமலேயே "அதெல்லாம் ஹராம்" என்று மறுத்துவிடுவது ஒரு வகை. எதையும் பார்க்காமல் பாக்கெட்டை வாங்கிப் பிரிப்பது இன்னொரு வகை. இரண்டுமே சரியல்ல. எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், மூலக்குளம், வில்லியனூர் பகுதிகளில் வாழும் நாம் பக்கத்துக் கடைப் பொருட்களைக் கொண்டே இவற்றைச் சமைத்துவிடலாம்.

பெயரிலேயே இருக்கும் எச்சரிக்கை

'கட்லெட்' என்பது 'கோத்லெத்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்த மொழி புதிதல்ல. அதே சொல்தான் ஜப்பானில் 'கட்ஸுரெட்ஸு' ஆகி, பிறகு 'கட்ஸு' என்று சுருங்கியது. டோக்கியோவின் கின்ஸா பகுதியில் உள்ள ரெங்காதெய் உணவகம் 1899-ல் பன்றி இறைச்சியை எண்ணெயில் முழுக்கிப் பொரித்துப் பரிமாறியது. 'தொன்கட்ஸு' அப்படித்தான் பரவியது.

'தொன்' என்றால் பன்றி. தொன்கட்ஸு, தொன்ஜிரு (சூப்), தொன்கொட்ஸு (ராமென் குழம்பு) மூன்றிலும் அது உண்டு. 'மென்ச்சி கட்ஸு' என்ற கொத்துக்கறி கட்லெட்டிலும் மாட்டிறைச்சியோடு பன்றி இறைச்சியைக் கலப்பது வழக்கம். சிக்கன் கட்ஸுவும் இறைச்சி சேர்க்காத 'கொரொக்கே' என்ற உருளைக்கிழங்கு கட்லெட்டும் நமக்கு ஏற்றவை. ஆனால் கோழி ஹலாலாக அறுக்கப்பட்டதாகவும், பொரிக்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பு கலவாததாகவும் இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் மது

ஜப்பானியச் சமையலில் 'சாகே' என்ற அரிசி மதுவும், 'மிரின்' என்ற இனிப்பு அரிசி மதுவும் நம் வீட்டில் புளி சேர்ப்பது போலச் சாதாரணமாகச் சேர்க்கப்படுகின்றன. அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. கொதிக்க வைத்தால் முழுவதும் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. மிரின் தரும் இனிப்புக்குச் சிறிது சர்க்கரையே போதும். சாகேக்குப் பதில் எதுவும் தேவையில்லை. இஞ்சிச்சாறு வாடையைப் போக்கிவிடும்.

பாக்கெட் மீசோ சிலவற்றில் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள். சோயா சாஸில் நொதித்தலால் தானாகவே சிறிதளவு ஆல்கஹால் உண்டாகிறது. இது குறித்து ஐயம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பாக்கெட்டில் உள்ள பச்சைக் குறி, சைவம் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆல்கஹால் இல்லை என்று சொல்வதில்லை.

சூப்: நெத்திலியும் மாசியும் போதும்

ஜப்பானிய சூப்பின் உயிர் 'தாஷி' என்ற சாறு. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, காயவைத்துச் சீவிய துண்டுகளில் அதை எடுப்பார்கள். நம் கடலோர மக்களும் இலங்கை முஸ்லிம்களும் நன்கறிந்த மாசிக்கருவாடும் இதே சூரைதான். செய்முறையும் ஏறக்குறைய அதுவே. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய பயணி இப்னு பதூதா, அங்கே மீனை அவித்துப் புகையில் காயவைத்து இந்தியா, சீனா, யமன் நாடுகளுக்கு அனுப்பியதை எழுதியிருக்கிறார்.

மாசி கிடைக்காவிட்டால் நெத்திலிக் கருவாடு போதும். ஜப்பானிய வீடுகளிலும் 'நிபோஷி' என்ற காய்ந்த சிறுமீனில் சாறு எடுக்கிறார்கள்.

நான்கு பேருக்கு: 25 கிராம் நெத்திலிக் கருவாட்டின் தலையையும் குடலையும் நீக்கி, உப்புப் போக அலசி, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சிறுதீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கேரட், முள்ளங்கி சேர்த்து வேகவையுங்கள். ஒரு தேக்கரண்டி சோள மாவைக் கரைத்து ஊற்றி, கொதிக்கும்போது இரண்டு முட்டைகளை அடித்து நூல் போல விடுங்கள். ருசி பார்த்து உப்பும், வெங்காயத்தாளும் சேர்த்து இறக்குங்கள். ஆல்கஹால் சேர்க்காத மீசோ கிடைத்தால், முட்டையையும் சோள மாவையும் விட்டுவிட்டு, அடுப்பை அணைத்த பின் மூன்று மேசைக்கரண்டி கரையுங்கள். மீசோ கொதித்தால் மணம் போய்விடும். அதில் உப்பு அதிகம் என்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

சிக்கன் கட்ஸு

அரை கிலோ எலும்பில்லாக் கோழி நெஞ்சுக்கறியை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, உப்பும் மிளகுத்தூளும் தடவுங்கள். மைதா, அடித்த முட்டை, ரொட்டித் தூள் என்ற வரிசையில் புரட்டுங்கள். நேற்றைய பிரெட்டைக் கையால் கொரகொரப்பாக உதிர்த்து உலர்த்தினால், கடையில் விற்கும் 'பான்கோ' தேவையில்லை. ஒரு துணுக்கு பாதி ஆழம் இறங்கி உடனே மேலே வந்தால் எண்ணெய் பதமாகக் காய்ந்துவிட்டது. மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் பொரியுங்கள். ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது.

தொட்டுக்கொள்ள, ஊறவைத்து அரைத்த ஐந்து பேரீச்சம்பழம், தக்காளி சாஸ், சிறிது புளிக்கரைசல் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். ஜப்பானில் விற்கும் சில சாஸ்களிலும் பேரீச்சம்பழம் உண்டு. மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸும் சோறும் வைத்தால் விருந்து முழுமையாகிவிடும்.

அடுத்த முறை பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் செல்லும்போது, பாக்கெட்டின் பின்பக்கத்தை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். சாகே, மிரின், எத்தனால், போர்க், லார்ட் என்ற ஐந்து சொற்களை அடையாளம் காணப் பழகிய பிள்ளை, எந்த ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ போனாலும் தன் தட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.