ஹார்மோன் நீரன்று, ஊக்கி

'ஹார்மோன் என்றால் சுரப்பு நீர் என்று பொருள்' என எழுதுவோர் பெருகிவிட்டனர். அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. 1905இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரிச் சொற்பொழிவில் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதனை ஆண்டார். அதன் மூலம் 'ஹார்மாவோ' என்னும் கிரேக்க வினை: கிளப்பு, உந்து, ஏவு. சுரத்தலைச் சொல்ல அவரிடம் வேறு பெயர் இருந்தது. 1902இல் பேய்லிஸும் அவரும் கண்ட பொருள் கணையத்தைச் சுரக்கவைத்ததால் அதற்குச் 'செக்ரிட்டின்' என்று பெயரிட்டனர். இரண்டையும் குழப்பியதால் 'சுரப்பு நீர்' வந்திருக்கலாம்.

'இயக்குநீர்' என்போர் பாதி வழி வந்தவர்கள். இயக்கு சரி, நீர் பிழை. செடியில் ஹார்மோனுக்கென்று தனிச் சுரப்பி கிடையாது. ஆக்சின்கள் என்னும் பயிர் ஹார்மோன்களில் தலையாய இண்டோல் அசிட்டிக் அமிலம் தூய நிலையில் வெண்படிகம். மற்றொரு பயிர் ஹார்மோனாகிய எத்திலீனோ வாயு.

ஹார்மாவோவுக்கு நேர் நிற்கும் தமிழ் வினை ஊக்கு. குறிஞ்சிக்கலியின் முதற்பாட்டில் தலைவி, ஊசலில் இருக்கும் தன்னை ஆட்டிவிடச் சொல்லுமிடத்தில் வரும் சொல் 'ஊக்கி'. நுனிக்கொம்பு ஏறியவன் அதற்கும் அப்பால் முனைவதை வள்ளுவர் 'ஊக்கின்' என்கிறார் (குறள் 476). நீராழத்துக்கேற்ப மலர்த்தண்டு நீளும் என்ற உவமையை அவர் வைத்ததும் ஊக்கமுடைமை அதிகாரத்தில்தான் (595). நீர்த்தாவரங்கள் பலவற்றில் அந்த நீட்சியைத் தூண்டுவது எத்திலீன். சட்டையில் குத்தும் ஊக்கு இதற்கு உறவன்று. அது 'ஹூக்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு.

இனி ஆக்சின். யூட்ரெக்ட் நகரில் கோகலும் ஹாகன் ஸ்மித்தும் 1931இல் இட்ட பெயர். கிரேக்க 'ஆக்ஸைன்' என்றால் வளர், பெருகு. ஆகஸ்ட் மாதத்தின் பெயரும் வடமொழி ஓஜஸும் இதன் குடும்பம். தமிழ் 'ஆக்கு'வை இதோடு முடிச்சுப் போட ஒலியொப்புமை ஒன்று போதாது.

இந்தப் பெயர் வேரில் இடறுகிறது. தண்டை நீளச்செய்யும் அதே செறிவு வேரின் நீட்சியைத் தடுக்கும். ஆனால் பக்கவேர்களைப் பிறப்பிக்கும். வளர்ச்சி ஒன்றையே பொருளாகக் கொண்ட சொல்லில் இவ்விரண்டும் அடங்குமா?

உந்துதலே இதன் இயல்பு என்பதற்கு, செடிக்குள் ஆக்சின் செல்லும் பயணத்தைப் பாருங்கள். மக்காச்சோள விதையின் சேமிப்புத் திசுவில் இனோசிட்டாலோடு பிணைந்து கிடக்கும் ஆக்சின், முளைக்கும்போது குருத்துக்கு ஏறுகிறது. குருத்திலும் இளந்தளிரிலும் உருவாவது வேர்நோக்கி இறங்குகிறது. ஒவ்வோர் உயிரணுவின் அடிப்புறத்திலும் நிற்கும் 'பின்' (PIN) என்னும் கடத்துப் புரதங்கள் அதை அடுத்த அணுவுக்குத் தள்ள, மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நகர்கிறது. முதிர்ந்த இலையில் பிறந்தது உணவுக்குழாய்ச் சாற்றோடு இன்னும் விரைந்து இறங்கும். வேர்நுனியை அடைந்ததும் ஒரு பகுதி வெளியடுக்குகள் வழியே மேல்நோக்கித் திரும்புகிறது.

விண்பதியன் கட்டுவோருக்கு இது கைவந்த உண்மை. கொய்யாக் கிளையில் வளையமாகப் பட்டை உரித்து ஈரப்பாசி வைத்துக் கட்டினால், வேர் விடுவது வெட்டின் மேல்விளிம்பு. மேலிருந்து வருவது அங்கே தடைபட்டுத் தேங்குகிறது.

வேர் பிறப்பிக்கும் பொருள் இலையில் தோன்றிக் கீழிறங்குகிறது என்று ஜூலியஸ் சாக்ஸ் 1880களிலேயே கருதினார். குப்பைமேனியின் பேரினமாகிய அகாலிஃபாவின் இலைச்சாறு போத்துகளில் வேர் விடச்செய்வதை ஃபிரிட்ஸ் வென்ட் 1929இல் காட்டினார். 1933இல் பூய்யென்னும் வென்ட்டும் அப்பொருளுக்கு 'ரைசோகலைன்' எனத் தனிப்பெயர் இட்டனர். ரைசா என்றால் வேர். ஈராண்டில் திமானும் கெப்ஃப்லியும், வேர் பிறப்பிக்க வளர்ச்சிப் பொருளாகிய இண்டோல் அசிட்டிக் அமிலமே போதும் என்று காட்டினர். விளைவைப் பார்த்து இட்ட ஆக்சின், ரைசோகலைன் என்னும் பெயர்கள் இரண்டும் ஒரே பொருளின் மேல் வந்து மோதின. உந்துதலைப் பார்த்து இட்ட 'ஹார்மோன்' என்னும் பெயர் மட்டும் மோதவில்லை.

ஊக்கி என்றால் வினையூக்கியோடு மயங்கும் என்பது ஒரு தடை. வினையூக்கி தன் அடைமொழியோடு நிற்கிறது; செடியின் ஹார்மோனைக் குறிக்கும் பயிரூக்கியும் அப்படியே நிற்கும். தளிரிலிருந்து வேர்வரை அணுவுக்கு அணு உந்தப்பட்டு, போய்ச்சேர்ந்த இடத்தில் உறுப்பை உந்துவதற்கு ஊக்கி என்பதே தமிழ்ப் பெயர். கலித்தொகை ஆண்ட வினை கையில் இருக்க, 'நீர்' என்று இனியும் எழுதுவதற்கு நியாயம் இல்லை.