கொட்டாங்குச்சியின் மெருகு: திருவண்ணாமலையில் ஒரு வாழ்க்கை ரசனை உருவான வரலாறு

திருவண்ணாமலையின் அழகுணர்வை ஆராயப் புகுபவர் கண் முதலில் கிழக்கு ராஜகோபுரத்தில்தான் போய் நிற்கும். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்த 217 அடி உயரக் கட்டுமானம் அது. ஆனால் அடுக்களை, கொல்லை, உடுப்பு, குடியிருக்கும் அறை ஆகியவற்றில் இவ்வூருக்கென்று ஒரு ரசனை இருக்கிறதென்றால், அதன் தோற்றுவாயை மலையின் தென்புறத்துச் சமையற்கட்டு ஒன்றில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அது ரமண மகரிஷியின் ஆசிரமச் சமையற்கட்டு. 1896 செப்டம்பர் 1 அன்று ஊருக்கு வந்த ரமணர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிச்சையுணவிலும் அன்பர்கள் கொண்டுவந்ததிலுமே காலம் கழித்தார். 1916இல் தாயார் அழகம்மாள் மகனோடு தங்க வந்த பிறகுதான் மலைமேலிருந்த ஸ்கந்தாசிரமத்தில் முறையாக அடுப்பு மூண்டது. அப்பளம் இடக் கூப்பிட்ட தாயாருக்கு ரமணர் இயற்றித் தந்த ‘அப்பளப் பாட்டு’ அக்காலத்தையொட்டியது. தத்துவப் பாடலாகவே அதைப் படிக்கிறார்கள். சமையல் ஆவணமாகவும் படிக்கலாம்: உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம், பிறகு உலக்கை, குழவி, நெய் என்று பக்குவம் வரிசை மாறாமல் அதில் வருகிறது.

1922இல் அழகம்மாள் மறைந்து, அவர் சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தபோது ரமணரே சமையற்கட்டுக்குள் வந்தார். விடியற்காலை மூன்று மணிவாக்கில் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்ற பெண்களின் நினைவுக்குறிப்புகள்தாம் இதற்கு முதன்மைச் சான்றுகள். ரமணரைப் பற்றிய ஆய்வுகள் இவற்றைப் பக்திக் கதைகளாக ஓரங்கட்டிவிட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. சம்பூர்ணம்மாள் சொல்லும் கத்திரிக்காய்ச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் கத்திரிக்காய் சமைத்ததில் காம்புகள் மலைபோல் குவிந்தன. மாடுகூடத் தொடாத அவற்றைக் காய்ந்த பட்டாணியோடு வேகவைக்கச் சொன்னார் ரமணர். ஆறு மணி நேரம் கொதித்தும் காம்பு இளகவில்லை. சமைத்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முடிவில் அது பதமான கறியாகிப் பந்திக்கு வந்தபோது, இது என்ன காய் என்று சாப்பிட்டவர்களையே கேட்டு வேடிக்கை பார்த்தார். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கியது, முதல்நாள் மிஞ்சியதைச் சூடாக்கிக் காலையில் பரிமாறியது, இலை தைத்தது, கொட்டாங்குச்சியைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமும் அகப்பையும் செய்தது எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சிக்கனம் பார்ப்பவர் கொட்டாங்குச்சியை எரிப்பாரே ஒழிய, அது பளபளக்கும்வரை உட்கார்ந்து இழைக்கமாட்டார்.

தோட்டத்திலும் இதே கண்தான். குகை நமசிவாயர் கோயில் பக்கம் வசித்த கீரைப்பாட்டி மலையில் பறித்துவந்த கீரைகள் ரமணரின் தொடக்ககால உணவில் ஒரு பங்கு. பின்னாளில், மாங்காய்க்காக மரத்தைக் கோலால் அடித்து இலைகளையும் உதிர்த்தவர்களை அவர் கடிந்துகொண்டார்.

கட்டடங்களில் கதை சிக்கலாகிறது. 1928இல் வந்து பத்தாண்டுகள் கட்டுமானப் பணிகளை மேற்பார்த்த அண்ணாமலை சுவாமியின் நினைவுகளில், ஆசிரம நிர்வாகியான ‘சர்வாதிகாரி’ சின்னசுவாமி சிறியதொரு மாட்டுக்கொட்டகையே போதும் என்கிறார்; ரமணரோ பெரிய கோசாலைதான் வேண்டும் என்று உறுதியாக நிற்கிறார். 1939இல் தொடங்கி 1949 மார்ச் 17 அன்று குடமுழுக்குக் கண்ட மாத்ருபூதேசுவரர் ஆலயமும், வைத்தியநாத ஸ்தபதியின் கைவண்ணத்தில், ஆகம முறைப்படி எழுந்த கருங்கல் கோயில். கௌபீனதாரியான ரமணரின் ஊர் என்பதால் எல்லாம் ஓலைக்குடிசை என்று எண்ணிவிடலாகாது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: பந்தியில் பிராமணருக்கும் மற்றவருக்கும் நடுவே தட்டி இருந்தது. இரு பக்கத்தாரும் பார்க்கும்படி ரமணர் இடையில் அமர்ந்தார் என்பதால் தட்டி இல்லையென்று ஆகிவிடாது.

வீட்டமைப்பில் இந்த ரசனையை முதலில் பின்பற்றியவர்கள் வெளியூர்க்காரர்களே. 1935இல் வந்த மேஜர் சாட்விக் ஆசிரமத்துக்குள் அறை கட்டிக்கொண்டார். மறு ஆண்டு வந்த எஸ்.எஸ். கோகன் ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் மண்குடிசை போட்டார். ரமண நகர் வளர்ந்தது இவர்களுக்குப் பின்னால். 1959இல் ஊருக்கு வந்த யோகி ராம்சுரத்குமார் கையிலும் பனையோலை விசிறியும் சிரட்டையும்தான். ‘விசிறி சாமியார்’ என்ற பெயர் எழுத்தாளர் பாலகுமாரன் மூலம் தமிழ்நாட்டு வாசகர்களிடம் பரவியபோது, அந்த இரண்டு பொருள்களும் சேர்ந்தே பரவின.

1980களுக்குப் பின் ரசனையின் மையம் சமையற்கட்டிலிருந்து மலைச்சரிவுக்கு நகர்ந்தது. மொட்டையாகக் கிடந்த மலையில் உள்ளூர் மரக்கன்றுகளை நடும் முயற்சிகள் தொடங்கின. இன்று ‘ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை நாற்றங்கால் வைத்து, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டி அப்பணியைச் செய்துவருகிறது. புல்தரையும் குரோட்டன்ஸும் வைப்பதுதான் தோட்டம் என்ற எண்ணத்துக்கு எதிராக, இந்த மண்ணுக்குரிய செடி எது என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் ஊன்றியது.

செங்கம் சாலையில் இப்போது கைத்தறி உடைக்கும் இயற்கை வேளாண் உணவுக்கும் கடைகள் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டவர் கூட்டம் அங்கே மொய்க்கிறது. எளிமை அங்கே விலைச்சீட்டோடு தொங்குகிறது. அதைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நெசவாளிக்கும் உழவருக்கும் அதில் கொஞ்சம் போய்ச் சேர்கிறது. ஆயினும் காம்பைக் கறியாக்கிய சமையற்கட்டின் நேர்வாரிசு அந்தக் கடைகள் அல்ல. ஆசிரமத்தில் பகல் பந்திக்கு முன்பே சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறதே, அந்த வரிசையைத்தான் நான் வாரிசு என்பேன்.