பூக்குழியில் இறங்கிய வெப்பமானி

ரோம் நகருக்கு வடக்கே சோராக்தே என்றொரு தனிமலை நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆண்டுதோறும் அப்பல்லோ தெய்வத்துக்கு விழா நடந்தது. ஹிர்பி எனப்பட்ட சில குடும்பத்தார் கட்டைகளை அடுக்கி எரித்து, அந்தத் தணலின்மேல் வெறுங்காலோடு நடந்தனர். கால் வேகவில்லை. அதற்காகவே ரோமானிய செனட் அவர்களுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு அளித்திருந்தது என்று முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்தார். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தையவரான வாரோ என்ற அறிஞர் இந்த அற்புதத்தை நம்பவில்லை. நடப்பதற்கு முன் அவர்கள் உள்ளங்காலில் ஏதோ மருந்து பூசிக்கொள்கிறார்கள் என்றார்.

தீமிதியைப் பற்றி எழுத்தில் நிற்கும் பழைய சந்தேகக் குரல்களில் வாரோவினுடையது ஒன்று. சந்தேகப்பட்டது சரி. ஆனால் தணலில் நடக்க மருந்து எதுவும் தேவையில்லை. அதன் பிறகும் நெடுங்காலம் வழக்கு இப்படியே இழுபட்டது. தெய்வம் காத்தது என்றது ஒரு தரப்பு. தைலம் காத்தது என்றது மறுதரப்பு. தணலை அளந்து பார்க்க எவரும் முன்வரவில்லை.

தமிழருக்குத் தீமிதி தூரத்துச் செய்தி அல்ல. வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பல நாள் பாரதம் படித்து, கூத்து நடத்தி, படுகளம் எனும் போர்க்கள நிகழ்ச்சி முடிந்த பின் பக்தர்கள் தீயில் இறங்குகிறார்கள். கொங்கு நாட்டில் குண்டம் இறங்குவது என்றால் சத்தியமங்கலம் அருகே பண்ணாரியில் பங்குனியில் திரளும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். கடல் கடந்து சென்றவர்கள் பூக்குழி எனும் இந்தத் தணல்குழியையும் உடன் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில், இலங்கையின் உடப்பு, மொரீஷியஸ், ரியூனியன், ஃபிஜி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. காப்புக் கட்டுவதும் விரதமும் மஞ்சள் துணியும் குழியின் முடிவில் கால் நனைக்கும் பாலும் ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களோடு தொடர்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் தீமிதிக்கெனத் தனி இயலே ஒதுக்கினார்.

அளவுகோலோடு வந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலாளர் சாமுவேல் லாங்லி. 1901-இல் தாஹிதித் தீவில் பாப்பா இத்தா என்ற பூசாரி, காய்ச்சிய எரிமலைக் கற்களின்மேல் நடந்ததை அவர் நேரில் பார்த்தார். அத்தோடு நிற்காமல், நடுக்குழியிலிருந்து ஒரு கல்லை எடுக்கச் சொல்லி வாளித் தண்ணீரில் போட்டார். தண்ணீர் பன்னிரண்டு நிமிடம்போலக் கொதித்தது. கல் சூடாக இருந்ததில் ஐயமில்லை. அதில் ஒரு துண்டை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. துளைகள் நிறைந்த அந்தக் கல் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தியது. ஒரு முனையைச் சிவக்கக் காய்ச்சினாலும் மறுமுனையைக் கையில் பிடித்திருக்க முடிந்தது.

1935 செப்டம்பரில் சோதனை இங்கிலாந்துக்கு வந்தது. ஆவிகளையும் அற்புதங்களையும் துருவிப் பார்ப்பதில் பேர்பெற்ற ஹாரி பிரைஸ், சரே மாவட்டத்தின் கார்ஷால்டனில் குழி வெட்டி, காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஷ் என்பவரை நடக்க வைத்தார். வாரோவின் ஐயத்துக்கும் அங்கே பதில் தேடினார்கள். பாதம் சோதிக்கப்பட்டது, கழுவித் துடைக்கப்பட்டது. தணலின் மேற்பரப்பு 430 டிகிரி செல்சியஸ். உள்ளே 1,400 டிகிரி. குதா பக்ஷின் காலில் கொப்புளம் இல்லை. மருந்தும் இல்லை. 1937-இல் வேறொருவரை வைத்து நடந்த அடுத்த சுற்றில், விரதமோ மந்திரமோ அறியாத ஆங்கிலேயர் ஒருவரும் பெரிய காயமின்றித் தாண்டினார்.

காரணம் வெப்பநிலைக்கும் வெப்பத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இருக்கிறது. மரக்கரி எடை குறைந்தது, நுண்துளைகள் நிறைந்தது. எவ்வளவு சிவந்து கனன்றாலும் அதில் சேர்ந்திருக்கும் வெப்பம் குறைவு. அது வெளியேறும் வேகமும் குறைவு. மேலே படியும் சாம்பல் இன்னொரு தடுப்பு. பாதமோ பெரும்பாலும் நீராலான தசை. அதைச் சூடேற்ற நிறைய வெப்பம் வேண்டும். பேக்கரி அடுப்புக்குள் கை நீட்டுபவரை உள்ளிருக்கும் காற்று சுடுவதில்லை. அதே சூட்டிலுள்ள தகரத் தட்டு தோலை உரித்துவிடும். தணல் அந்தக் காற்றுக்கு நெருக்கமானது. ஒவ்வொரு அடியும் அரை நொடிக்கும் குறைவாகவே தணலில் பதிகிறது. பத்துப் பன்னிரண்டு அடிகளில் குழி முடிந்துவிடுகிறது.

இதை ஒரே வரிக்குள் அடக்கிய மனிதர் ஆபிரகாம் கோவூர். 1898-இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்று, இலங்கைப் பகுத்தறிவாளர்களின் தலைவராக உயர்ந்தவர். தெய்வீக சக்தி உண்டென்று ஏமாற்றின்றி நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவல் விடுத்தார். அவர் அடுக்கிய நிபந்தனைகளில் தீயும் இருந்தது: எரியும் தணலின்மேல், கொப்புளமின்றி, அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நடந்து காட்டச் சொல்லவில்லை. நடப்பது எவருக்கும் இயலும் என்று அவருக்குத் தெரியும். 1978-இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை யாரும் பெறவில்லை.

அதே இலங்கையில் உடலியல் பேராசிரியர் கார்லோ பொன்சேகா ஆய்வை இன்னும் முன்னெடுத்தார். கதிர்காமத்தின் தீமிதி 1940-கள்வரை தமிழர் பொறுப்பில் இருந்து, பிறகு சிங்கள பௌத்தர்களிடமும் பரவிய சடங்கு. 1970-களின் தொடக்கத்தில் பொன்சேகாவும் பகுத்தறிவாளர்களும் பொதுமக்கள் முன்னிலையில் தணலில் நடந்தனர். விரதத்தால்தான் கால் தப்புகிறது என்ற நம்பிக்கையைச் சோதிக்க, வேண்டுமென்றே சாராயமும் பன்றிக்கறியும் சேர்த்துக்கொண்டு இறங்கியவர்களும் உண்டு. செருப்பில்லாமல் பழகிய காலின் தடித்த தோல் கூடுதல் சூடு தாங்குகிறது என்பதையும் பொன்சேகா பதிவு செய்தார். தமிழ்நாட்டிலும் திராவிடர் கழகத்தினர் மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலங்களில் 'தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே?' என்று முழங்கியபடி தீச்சட்டி ஏந்தினர். கடவுள் இல்லை என்று சொல்லித் தீயும் மிதித்தனர்.

சினிமா இந்தச் சோதனைகளைக் கண்டுகொள்ளவில்லை. அம்மன் படங்களில் கற்புக்கும் பக்திக்கும் தீயே சாட்சி. கெட்டவன் இறங்கினால் எரிவான், நல்லவள் இறங்கினால் தணல் பூவாகும். உண்மையான தணலோ இறங்குபவரின் குணம் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1980-களிலிருந்து இதே தணல், தன்னம்பிக்கை வகுப்புகளின் சரக்காயிற்று. மனத்தை அடக்கினால் தீயும் அடங்கும் என்று பணம் கட்டியவர்களுக்குச் சொன்னார்கள். 2012 ஜூலையில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் டோனி ராபின்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் 21 பேருக்குத் தீப்புண் ஏற்பட்டது.

பகுத்தறிவாளர்கள் நெடுநாள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அற்புதம் இல்லையென்றால் மக்கள் ஏன் இறங்குகிறார்கள்? ஸ்பெயினின் சான் பெத்ரோ மான்ரிக்கே ஊரில் கோடை நடுவில் தோளில் ஒருவரைச் சுமந்துகொண்டு தீ மிதிப்பது வழக்கம். டிமித்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவினர் அங்கே இதயத் துடிப்பை அளந்தார்கள். நடப்பவரின் துடிப்போடு, ஓரத்தில் நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. வெளியூர்ப் பார்வையாளர்களிடம் அது தென்படவில்லை. 2011-இல் இந்த முடிவு வெளியானது. அதே ஆய்வாளர் மொரீஷியஸ் தமிழரின் தைப்பூசத்தையும் ஆராய்ந்தார். கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்தவர்களும் உடன் சென்றவர்களும் கோயிலுக்கு அதிகப் பணம் கொடுத்தனர். சடங்கு மனிதரை மனிதரோடு பிணைக்கிறது என்பதையும் கருவிகளே காட்டின. பக்தரை ஏமாற்றுக்காரர் என்று ஏசாமலே அற்புதத்தை மறுக்க முடியும் என்பதற்கு இந்த ஆய்வுகள் நல்ல சான்று.

ஆனால் ஆபத்து பொய்யல்ல. தயங்கி நிற்பவருக்கும், நெரிசலில் இடறி விழுபவருக்கும், நீளமான குழியை நிதானமாகக் கடப்பவருக்கும் அரை நொடிக் கணக்கு உதவாது. விழுந்தவரின் கையும் முகமும் தணலில் படுகின்றன. பின்னால் வருபவர் அவர்மேல் தடுக்குகிறார். திருவிழாக் காலங்களில் இத்தகைய செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெற்றோர் கையிலிருந்து குழந்தை தவறி விழுந்த செய்திகளும் அவற்றில் உண்டு. குழியின் நீளத்தைக் குறைப்பது, தணலைச் சீராகப் பரப்பிச் சாம்பல் படிய விடுவது, ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவரை இறக்குவது, தீயணைப்பு வீரர்களையும் மருத்துவரையும் குழியருகே நிறுத்துவது ஆகியவற்றில் எதுவும் யாருடைய நேர்த்திக்கடனையும் தடுக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைக் கோயில் நிர்வாகங்கள் உடனே நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தை காப்புக் கட்டிக்கொள்ளவில்லை, எதையும் நேர்ந்துகொள்ளவும் இல்லை.