நால்வருக்கும் சம பங்கு

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ், பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். சென்ற வாரம் பார்த்த பி-52'ஸ் குழு அங்கே பிறந்தது. பேர் கிடைத்ததும் நியூயார்க் பக்கம் போய்விட்டது. அதே ஊரில் அடுத்துத் தலையெடுத்த ஆர்.இ.எம். குழு, உலகப் புகழ் வந்த பிறகும் தன் அலுவலகத்தை ஏதென்ஸிலேயே வைத்துக்கொண்டது. 31 ஆண்டுகள் தாக்குப்பிடித்து, நீதிமன்றப் படியேறாமல், ஒருவரை ஒருவர் தூற்றாமல் பிரிந்தது. ராக் வரலாற்றில் இது அபூர்வம். அதற்கான அடித்தளம் தொடக்கத்திலேயே போடப்பட்டதுதான் இவர்கள் கதையில் முக்கியமான விஷயம்.

நால்வரில் பீட்டர் பக், வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். ஓவியம் படிக்க வந்திருந்த மைக்கேல் ஸ்டைப் அந்தக் கடையின் வாடிக்கையாளர். பக் தனக்கென்று எடுத்துவைத்திருந்த தட்டுகளையே அந்த மாணவரும் தேடிவந்து வாங்கியதில் நட்பு முளைத்தது. மற்ற இருவர், மைக் மில்ஸும் பில் பெர்ரியும், மேக்கன் ஊரில் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள். மில்ஸ் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை, பெர்ரி வம்புக்காரர், ஒருவருக்கொருவர் ஆகாது. ஒருநாள் நண்பர்கள் கூடி வாசிக்க அழைத்த இடத்தில் இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள். பெர்ரி எழுந்து போயிருப்பார். டிரம்ஸை ஏற்கெனவே அமைத்து வைத்துவிட்டதால் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு பகை தீர்ந்தது.

1980 ஏப்ரல் 5. ஓக்கோனி தெருவில் வழிபாடு நின்றுபோய்ப் பாழடைந்து கிடந்த செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் சில இளைஞர்கள் குடியிருந்தார்கள். அங்கே ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில், அதற்குள் ஒன்றுசேர்ந்திருந்த நால்வரும் முதன்முதலாகக் கூட்டத்தின் முன் வாசித்தார்கள். குழுவுக்குப் பெயர்கூட இல்லை. பிறகுதான் அகராதியைப் புரட்டி ஆர்.இ.எம். என்று வைத்துக்கொண்டார்கள். தேவாலயத்தைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். அதன் கோபுரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் காலத்திலேயே அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான்: யார் இசையமைத்தாலும், யார் வரி எழுதினாலும், பாட்டு நால்வர் பெயரில் வரும். ‘பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப்’ என்று ஆங்கில அகர வரிசையில். வருமானம் சரிசமமாக நான்கு பங்கு.

இது சாதாரண விஷயமில்லை. ஒரு பாட்டு வானொலியில் ஒலிக்கும்போதும் தட்டு விற்கும்போதும், அதை எழுதியவருக்கென்று தனியாக உரிமைத்தொகை போகும். வாசித்தவர் கணக்கு வேறு. பெரும்பாலான குழுக்களில் பாடகரும் கிதார்காரரும் பாட்டெழுதியவர்களாகப் பதிவாவார்கள். டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் வாசித்ததற்கான கூலியோடு நிற்பார்கள். பத்தாண்டு கழித்து ஒருவருக்கு மாளிகையும் இன்னொருவருக்கு வாடகை வீடுமாக ஆகும்போது மனக்கசப்பு தானாக வரும். ஆர்.இ.எம். அந்த வாசலையே அடைத்துவிட்டது. கூடவே இன்னொரு விதி: எந்த முடிவானாலும் நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால் அது கைவிடப்படும். பெரும்பான்மைப் பேச்சே கிடையாது.

முதல் பாட்டு ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ 1981-ல் ஹிப்-டோன் என்ற சின்ன நிறுவனத்தின் மூலம் வந்தது. பெரிய வானொலிகள் கண்டுகொள்ளாத இந்த மாதிரி இசையைக் கல்லூரி வானொலிகள்தான் தூக்கிப் பிடித்தன. ‘மாற்று ராக்’ என்று பின்னால் பெயர்பெற்றதன் விளைநிலம் அந்த வானொலிகள். குழு ஒரு வேனில் ஊர் ஊராகப் போய், கிடைத்த இடத்தில் வாசித்தது.

1983-ல் முதல் முழு ஆல்பம் ‘மர்மர்’. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகத்தையே ஆட்டிவைத்த அந்த ஆண்டில், ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தது ‘மர்மரை’. அதில் ஸ்டைப் பாடுகிற சொற்களில் பாதிக்கு மேல் காதில் பிடிபடாது. குரலும் கிதாரோடு கிதாராகக் கலந்துதான் வரும். ஆனாலும் அந்தப் புகைமூட்டத்தில் ஓர் ஈர்ப்பு இருக்கிறது, இன்றைக்குக் கேட்டாலும். அந்த ஆண்டு அக்டோபரில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் தோன்றியபோது, லெட்டர்மேன் வந்து பேச்சுக் கொடுக்க, பக்கும் மில்ஸும் பதில் சொன்னார்கள். பாடகர் ஸ்டைப் டிரம்ஸ் மேடை ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

1983 முதல் 1988 வரை ஆண்டுக்கு ஓர் ஆல்பம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனது. 1987-ல் ‘தி ஒன் ஐ லவ்’ அமெரிக்காவின் முதல் பத்துப் பாடல்களில் இடம்பிடித்தது. 1988-ல் வார்னர் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது.

அடுத்து வந்தது ‘லூசிங் மை ரிலீஜியன்’. பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கியிருந்தார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்தபடியே பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் போட்டுக் கேட்டபோது, கற்றுக்குட்டியின் தட்டுத்தடுமாறலுக்கு நடுவில் அந்த மெட்டு கிடந்தது. பாட்டில் பளிச்சென்ற பல்லவி கிடையாது. முன்னால் நிற்கும் கருவி கிதாரும் அல்ல. வானொலிக்குச் சரிப்படாத சரக்கு என்று எவரும் சொல்லியிருக்கலாம். 1991-ல் அது அமெரிக்கப் பட்டியலில் 4-ம் இடத்துக்கு ஏறியது. இந்தக் குழுவின் எந்தப் பாட்டும் அதைத் தாண்டவில்லை. அதன் வீடியோவை எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். எம்.டி.வி.யின் ஆண்டின் சிறந்த வீடியோ விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பத்தையும் சேர்த்து 1992-ல் மூன்று கிராமி விருதுகள்.

சம பங்கு எப்படி வேலை செய்தது என்பதற்கு 1992-ன் ‘ஆட்டமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ நல்ல சாட்சி. பெயர் ஏதென்ஸின் வீவர் டி'ஸ் உணவகத்து வாசகம். அதில் வரும் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாட்டுக்கு விதை போட்டவர் டிரம்ஸ்காரர் பெர்ரி. ஒரு நிமிடம் தாங்கும் மெட்டாக அதைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் அதை வளர்த்தார்கள். லெட் செப்பெலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் வயலின் வரிசைகளை அமைத்தார். ஆனால் பாட்டின் பெரும்பகுதிக்குத் தாளம் போடுவது ஒரு மலிவான டிரம் மெஷின். தன் மெட்டில் தன் வாத்தியத்துக்கே பெரிதாக இடமில்லை என்பதைப் பெர்ரி ஏற்றுக்கொண்டார். எல்லாம் ஒரே கணக்கில் சேரும்போது யாருக்கும் தன் வாத்தியத்தைத் திணிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஆல்பம் அத்தனை நிதானமாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

1995 மார்ச் 1. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரம். நிகழ்ச்சி நடுவே பெர்ரிக்குத் தாங்க முடியாத தலைவலி. மூளையில் இரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தது. வயது 36. அங்கேயே அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். மே மாதமே அவர் டிரம்ஸ் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அதே இசைப் பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை, ஸ்டைப்புக்குக் குடலிறக்கம். 1996-ல் வார்னருடன் புதிய ஒப்பந்தம். 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன.

அந்தப் பணத்தின் சூடு ஆறுமுன் 1997 அக்டோபரில் பெர்ரி விலகினார். பயணமும் பேட்டியும் கூட்டமும் போதுமென்று ஆகிவிட்டது. நண்பர்களிடம் அவர் வைத்த நிபந்தனை ஒன்றே: நான் போனால் குழு கலைந்துவிடும் என்றால் போகமாட்டேன். அவர்கள் தொடர்வதாகச் சொன்ன பிறகே கிளம்பினார். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் நிலம் பார்த்துக்கொண்டு தீவனப் புல் விளைவித்தார்.

மூவராக ஐந்து ஆல்பங்கள் செய்தார்கள். 1998-ன் ‘அப்’ துணிச்சலானது, இன்னும் மதிக்கப்பட வேண்டியது. 2004-ன் ‘அரவுண்ட் தி சன்’ சோர்வானது. பக்கே அதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார். 2008-ன் ‘ஆக்சலரேட்’ பழைய வேகத்தை மீட்டது. ஜோயி வாரன்கர், பில் ரீஃப்ளின் போன்ற தேர்ந்த கலைஞர்கள் டிரம்ஸ் வாசித்தார்கள். ஆனால் நான்காவது உறுப்பினராக யாரும் அறிவிக்கப்படவில்லை. 2007-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது பெர்ரியும் வந்து உடன் வாசித்தார்.

2011 செப்டம்பர் 21 அன்று குழுவைக் கலைப்பதாக அறிவித்தார்கள். வார்னர் ஒப்பந்தம் முடிந்திருந்தது. சண்டை இல்லை, வழக்கு இல்லை. மறுபடி சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினால் கொட்டிக்கொடுக்கப் பலர் காத்திருந்தும் அசையவில்லை. மில்ஸ் வயலினும் ராக் குழுவும் சேரும் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். பக் சிறு குழுக்களோடு வாசிக்கிறார். ஸ்டைப் புகைப்பட நூல்கள் போட்டார். பெர்ரி 2023-ல் தி பேட் எண்ட்ஸ் என்ற ஏதென்ஸ் குழுவோடு ஓர் ஆல்பம் செய்தார். 2024 ஜூனில், பாடலாசிரியர்கள் ஹால் ஆஃப் ஃபேமில் நால்வரும் சேர்க்கப்பட்ட இரவில், ‘லூசிங் மை ரிலீஜியன்’ என்ற ஒரே ஒரு பாட்டை மேடையில் வாசித்தார்கள்.

இவர்களைப் புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் திரட்டுத் தொகுப்புகளை நாட வேண்டாம். ‘ஆட்டமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், ஒரே அமர்வில் கேளுங்கள். பிறகு ‘மர்மர்’ பக்கம் போகலாம். அடுத்த வாரம் பாஸ்டனின் பிக்ஸீஸ்.

(தொடரும்)